இடது கன்னம் மட்டும் ஏன் கூடக் கறுக்கிறது? வெள்ளரிக்காய் பூசும் ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 28. நிலாவெளியில் இருக்கிறேன். திருகோணமலை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தினமும் ஸ்கூட்டியில்தான் போய் வருவது. இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறது, இடது கன்னத்தில் கூட. சித்திரை மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் வெள்ளரிக்காய் அரைத்துப் பூசுகிறேன். முகம் குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் மங்கு போகவில்லை. தேசிக்காய்ப் புளி கலந்தால் கெதியாக வெளுக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. கடையில் ஒரு கிறீமும் தந்தார்கள். பத்து நாளாக இரவில் பூசுகிறேன், முகம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்துவிட்டு, "படத்தில் பார்த்ததைவிடப் பிள்ளை கறுப்பு" என்று சொல்லிவிட்டா. வெள்ளரிக்காயைத் தொடரலாமா? எப்படிப் பூசினால் பலன் கிடைக்கும்? கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்துக்கும் அது நல்லதா?

- வாசகி, நிலாவெளி

அன்பான தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைக் கிறீமை இன்று இரவு பூச வேண்டாம். தேசிக்காய்ப் புளியை முகத்துக்குக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். வெள்ளரிக்காயைத் தொடரலாம், ஆனால் அது மங்கைப் போக்கும் என்று நம்பிப் பூசாதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீங்கள் பூசுவது எந்தக் காய் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் குழப்பம். பச்சைத் தோலோடு நீளமாக, சம்பலுக்கும் பச்சடிக்கும் வெட்டுகிற காயைச் சிலர் வெள்ளரிக்காய் என்பார்கள், சிலர் கெக்கரிக்காய் என்பார்கள். சிங்களத்தில் பிப்பிஞ்ஞா. பழுத்து வெடித்து, மாப்போல உதிர்ந்து, சீனியோ சர்க்கரையோ போட்டுச் சாப்பிடுகிறோமே, அந்த வெள்ளரிப்பழம் வேறு இனம். ஒரே குடும்பம்தான், ஆனால் அது முலாம்பழத்துக்குக் கிட்டத்துச் சொந்தம். முகத்துக்கு வைப்பது முதலில் சொன்ன பச்சைக் காய். நான் இங்கே சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

அந்தக் காயில் என்ன இருக்கிறது? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். மிச்சத்தில் கொஞ்சம் நார், கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் விற்றமின் கே. "விற்றமின் சி நிறைய இருக்கிறது, அதுதான் முகத்தை வெளுக்கச் செய்கிறது" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். 100 கிராம் வெள்ளரிக்காயில் இருக்கிற விற்றமின் சி கிட்டத்தட்ட 3 மில்லிகிராம்தான். அதே அளவு கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமைத் தாண்டும். அந்த 3 மில்லிகிராமும் அரைத்துப் பூசியவுடன் தோலுக்குள் இறங்கிவிடாது. வெளித்தோல் அவ்வளவு இலகுவாக எதையும் உள்ளே விடுகிற கதவு இல்லை. மங்கின் கறுப்பு அந்தக் கதவுக்கு உள்ளே, தோலின் ஆழத்தில் நிறம் உண்டாக்கும் கலங்களில் பிறக்கிறது. நீங்கள் மூன்று மாதம் பொறுமையாகப் பூசியும் மங்கு அசையாததற்குக் காரணம் இதுதான். உங்கள் பூச்சில் ஒரு பிழையும் இல்லை.

அப்படியானால் வெள்ளரிக்காய் எதற்கு? எனக்கு அதில் நல்ல மரியாதை உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஆடி மாதக் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் வீட்டு முற்றமே அடுப்பு மாதிரி இருக்கும். மேற்கிலிருந்து வருகிற அந்தக் காய்ந்த காற்று உதட்டை வெடிக்க வைக்கும், கன்னத்தைச் சுரசுரப்பாக்கும். பகலில் கரண்ட் போனால் அம்மா வெள்ளரிக்காயைத் தடிப்பாகத் தோல் சீவி, தோலின் உட்பக்கத்தை எங்கள் நெற்றியிலும் பின்கழுத்திலும் ஒட்டிவிடுவா. ஐந்து நிமிஷத்தில் உடம்பு முழுக்க ஒரு ஆறுதல் வரும். அது வெறும் மனப்பிரமை இல்லை. காயில் இருக்கிற தண்ணீர் ஆவியாகும்போது தோலின் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

இன்னொரு நல்ல குணமும் அதற்கு உண்டு. ஆரோக்கியமான தோல் இலேசான புளிப்புத் தன்மை உள்ளது. அமிலத்தை அளக்கிற பி.எச். கணக்கில் 5க்குக் கிட்ட வரும். வெள்ளரிச் சாறும் 5க்கும் 6க்கும் இடையில் நிற்கிறது. அதனால்தான் அது பெரும்பாலும் ஒருவருக்கும் எரிவதில்லை. தேசிக்காய்ப் புளி 2க்குக் கிட்ட இருக்கிறது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், 5க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு. குளிரவைக்கிற ஒன்றோடு எரிக்கிற ஒன்றைக் கலந்தால் குளிர வைத்ததற்கும் பலன் இல்லாமல் போய்விடும்.

ஆக, வெள்ளரிக்காயின் வேலை குளிர்ச்சியும் ஈரமும். அந்த வேலையை அதற்குக் கொடுத்தால் நன்றாகச் செய்யும். நீங்கள் கேட்ட மாதிரி எப்படிப் பூசுவது என்று சொல்கிறேன்.

பிஞ்சாக, இறுக்கமாக, விதை முற்றாத காயாகப் பாருங்கள். நன்றாகக் கழுவுங்கள். காம்புப் பக்கத்தை ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிடுங்கள். கசப்பைத் தருகிற குக்கர்பிற்றசின் என்ற பொருள் அந்தப் பக்கத்திலும் தோலுக்குக் கீழேயும்தான் சேர்ந்திருக்கும். வெட்டிய துண்டை அதே இடத்தில் வட்டமாகத் தேய்த்து, வெள்ளை நுரை வந்ததும் "கசப்புப் போயிற்று" என்று சொல்வது எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வது. நுரை வருவது உண்மை. ஆனால் கசப்பைப் பெருமளவு குறைப்பது வெட்டி எறிகிற அந்தத் துண்டுதான். பிறகு ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கடும் கசப்பாக இருந்தால் அந்தக் காய் சாப்பாட்டுக்கும் வேண்டாம், முகத்துக்கும் வேண்டாம்.

பாதிக் காயைத் துருவி, பிரிட்ஜில் இருபது நிமிஷம் வையுங்கள். முகத்தை வாசனையில்லாத மென்மையான சவர்க்காரத்தால் கழுவிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் துருவலைப் பரப்பிக் கன்னத்திலும் நெற்றியிலும் வையுங்கள். பத்து நிமிஷம், கூடினால் பதினைந்து. இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள்: முகத்திலேயே காய்ந்து இறுகும் வரை விட்டுவிடுவார்கள். காய்ந்தால் "தோல் இறுகிறது, நல்லது நடக்கிறது" என்று தோன்றும். நடப்பது வேறு. ஈரம் ஆவியாகிப் போகும்போது தோலில் இருந்த ஈரத்திலும் கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு போகிறது. கச்சான் காலத்தில் அது இன்னும் மோசம். ஆகவே ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட்டு, தண்ணீரால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, தோலில் ஈரம் இருக்கும்போதே, அதாவது இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், சாதாரண மொய்ஸ்சரைசர் ஒன்றைப் பூசிவிடுங்கள். வெள்ளரி கொடுத்த ஈரத்தை அதுதான் பிடித்து வைக்கும். கை காலுக்கு என்றால் தேங்காய் எண்ணெயே போதும். முகத்துக்கு அதைப் பூசினால் துவாரங்கள் அடைபட்டுப் பரு வரக்கூடிய ஆட்கள் உண்டு, அதனால் முகத்துக்கு வேண்டாம்.

கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போதும். தினமும் தேவையில்லை. மிஞ்சின துருவலை நாளைக்கு என்று வைக்காதீர்கள். வெட்டின வெள்ளரியில் கிருமி கெதியாகப் பெருகும். முலாம்பழம் சாப்பிட்டால் வாய் கடிக்கிற ஆட்களுக்கு வெள்ளரியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியானவர்கள் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டே முகத்தில் வைக்க வேண்டும். நீங்கள் மூன்று மாதமாகப் பூசி ஒன்றும் ஆகவில்லை, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, இனித் தேசிக்காய்க் கதை.

ஒரு முறை ஒரு அம்மா கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தா. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மண்ணிறத்தில் இரண்டு கோடுகள், மேலே தடித்து, கீழே போகப் போக மெலிந்து, நுனியில் ஒரு சொட்டு மாதிரி நின்றிருந்தன. யாரோ அடித்த தழும்பு என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். கேட்டுப் பார்த்தால், இரண்டு கிழமைக்கு முன் முற்றத்தில் இருந்து ஊறுகாய்க்குத் தேசிக்காய் பிழிந்திருக்கிறா. புளி கையால் வழிந்த பாதைதான் அந்தக் கோடு. தேசிக்காயின் தோலிலும் புளியிலும் பியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டிருக்கும்போது வெயில் பட்டால் தோல் எரிந்து போகும். அந்த நேரத்தில் தெரியாது. ஒன்று இரண்டு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்பளம் போட்டு, பிறகு கறுத்து நிற்கும். அந்தக் கறுப்புப் போக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் எடுக்கும். கையில் வந்ததே அந்த அம்மாவுக்கு நாலு மாதம் நின்றது. ஏற்கனவே மங்கு இருக்கிற கன்னத்தில் இது வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பா. ஆனால் தேசிக்காயை உங்கள் சம்பலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு சின்ன வரி: "இடது கன்னத்தில் கூட." நீங்கள் சும்மா எழுதியிருக்கலாம், எனக்கோ முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. நிலாவெளியிலிருந்து டவுனுக்கு வரும்போது நீங்கள் தெற்கு நோக்கி வருகிறீர்கள். கடல் உங்கள் இடப்பக்கம், அதாவது கிழக்கு. காலை ஏழு மணி வெயில் கடலுக்கு மேலிருந்து நேராக உங்கள் இடது கன்னத்தில் விழுகிறது. பள்ளிக்கூடம் விட்டு ஒன்றே முக்கால், இரண்டு மணிக்கு வடக்கு நோக்கித் திரும்பிப் போகிறீர்கள். அப்போது சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டது. மேற்கு உங்களுக்கு எந்தப் பக்கம்? அதுவும் இடதுதான். போகும்போதும் இடது, வரும்போதும் இடது. கிட்டத்தட்டப் பதினைந்து கிலோமீட்டர், ஒரு நாளைக்கு இரண்டு தரம்.

மங்கு என்பது இப்படித்தான் வளர்கிறது. நிறம் உண்டாக்குகிற கலங்கள் சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கூடத் துடிப்பானவை. குடும்பத்தில் அம்மாவுக்கோ சித்திக்கோ இருந்திருக்கும். பிள்ளைத்தாய்ச்சி நேரத்தில், ஹோர்மோன் மாத்திரை எடுக்கும்போது, அவை இன்னும் துடிப்பாகும். பிறகு வெயில் பட்டால் போதும். காலை வெயில் உறைக்காது, ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒளிகூட மங்கைத் தூண்டும் என்பதால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மத்தியான வெயில் கேட்கவே வேண்டாம். காய்ந்த கடற்கரை மணல் புறஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 வீதத்தையும், அலை நுரை 25 வீதத்தையும் திருப்பி எறிகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே கடற்கரையில் மர நிழலில் இருந்தாலும் முகத்தில் கொஞ்சம் விழத்தான் செய்கிறது.

இந்த நிலையில் பின்னேரம் பத்து நிமிஷம் வைக்கிற வெள்ளரிக்காய், பகல் முழுக்க வெயில் எழுதுவதை எப்படி அழிக்கும்? எழுதுகிற கையை முதலில் தடுக்க வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியது இதுதான். ஹெல்மெட் முழு முகத்துக்கும் கண்ணாடி இறங்குகிற மாதிரி வாங்குங்கள், கண்ணாடியை இறக்கியே ஓடுங்கள். உள்ளே நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் மூக்குக்கு மேல் வரை மூடிக்கொள்ளுங்கள். வலைமாதிரி இருக்கிற மெல்லிய சால்வை போதாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உங்கள் விரல் அதற்கூடாகத் தெரியக்கூடாது. வாசலில் நின்று பிள்ளைகளை அனுப்புகிற நேரத்துக்கு ஒரு குடை. அப்புறம் சன்ஸ்கிறீன். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டுகிற எஸ்.பி.எப். எண் 30 அல்லது அதற்கு மேல். மங்குக்காரருக்கு இலேசான தோல்நிறம் கலந்தது இன்னும் நல்லது, அந்த நிறத்தைத் தருகிற இரும்பு ஒக்சைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் மறிக்கும். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு பயற்றங்கொட்டை அளவு பூசிவிட்டு "கிறீம் வேலை செய்யவில்லை" என்பார்கள். காலையில் வெளிக்கிட இருபது நிமிஷத்துக்கு முன் ஒரு தரம். பள்ளிக்கூடம் விட முதல், ஆசிரியர் அறையில் முகம் கழுவி இன்னொரு தரம். காலையில் பூசியது வியர்வையோடு மத்தியானத்துக்குள் போய்விட்டிருக்கும். சன்ஸ்கிறீன் விலை கூடின சாமான் என்று எனக்குத் தெரியும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் துணியையும் ஹெல்மெட்டையும் எடுங்கள்.

கடைக் கிறீமுக்கு வருகிறேன். பத்தே நாளில் வெளுக்கச் செய்கிற கிறீம் என்றால் எனக்கு இரண்டு பொருளில்தான் சந்தேகம் போகும். ஒன்று, கடுமையான ஸ்டீரொயிட் மருந்து. முதலில் முகம் பளிச்சென்று தெரியும். மாதங்கள் போக, தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் மாதிரித் தெரியத் தொடங்கி, பருவும் பூனை மயிரும் வரும். நிறுத்தினால் முகம் தீப்பிடித்த மாதிரி எரியும், பயந்துபோய்த் திரும்பவும் அதையே பூசுவார்கள். நீங்கள் பத்து நாள்தான் பூசியிருக்கிறீர்கள், அதனால் உடனே நிறுத்தலாம். இதை வாசிக்கிற வேறு யாராவது மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டி, படிப்படியாக விட வேண்டும்.

மற்றது பாதரசம். அது நிறம் உண்டாவதைத் தடுக்கும், உண்மை. ஆனால் தோலுக்கூடாக இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும். துவாயிலும் தலையணை உறையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்கும் போகும். கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற யோசிக்கிற உங்களுக்கு இது இன்னும் ஆபத்து, வயிற்றில் இருக்கிற குழந்தையின் மூளையை அது பாதிக்கும். 2013இல் உலக நாடுகள் ஏற்று 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இந்தக் காரணத்தால்தான் முகப்பூச்சுகளில் பாதரசத்தைத் தடுக்கிறது. அப்படியிருந்தும் பெயர் முகவரி இல்லாத டப்பாக்களில் இன்னும் வருகிறது. உங்கள் டப்பாவை எடுத்துப் பாருங்கள். சேர்மானப் பட்டியல் இருக்கிறதா? தயாரித்தவர் முகவரி இருக்கிறதா? "கலோமெல்", "மெர்க்கியூரஸ் குளோரைட்" என்ற சொற்கள் இருக்கின்றனவா? தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்று எழுதியிருக்கிறதா? நகைக்கே ஆகாது என்று எழுதியிருந்தால் அதற்குள் பாதரசம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பட்டியலே இல்லை என்றால் அதுவே போதுமான காரணம். டப்பாவை மூடி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். எறிய வேண்டாம், வைத்தியரிடம் வரும்போது கொண்டுவாருங்கள்.

கருவளையம் பற்றிக் கேட்டீர்கள். காலையில் எழும்பும்போது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தால் குளிர்ந்த வெள்ளரித் துண்டு நன்றாக உதவும். குளிர்ச்சியில் இரத்தக் குழாய்கள் சுருங்கி வீக்கம் வற்றும். பிரிட்ஜில் வைத்த கரண்டியும் அதே வேலையைச் செய்யும், வெள்ளரி கொஞ்சம் மென்மை, அவ்வளவுதான். கறுப்பு நிறம் வேறு விஷயம். சிலருக்குக் குடும்ப வழி, சிலருக்குத் தும்மலும் கண்கடியும் இருந்து தேய்த்துத் தேய்த்து வருவது, சிலருக்கு இரத்தச்சோகை. விடியக் காலை எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண்களில் நித்திரைக் குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தே இருப்பதைப் பார்க்கிறேன். உங்களுக்குக் களைப்பு, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, தலைமயிர் கொட்டுவது இருக்கிறதா? இருந்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பைக் காட்டுகிற பெரிட்டினும் பார்த்துவிடுங்கள்.

வெள்ளரிக்காயைச் சாப்பிடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. இந்த வெயிலில் முகத்தில் வைக்கிறதைவிட வாயில் போடுகிறதுக்குத்தான் நான் வாக்குப் போடுவேன். 100 கிராமில் 15 கலோரி அளவுதான், மிச்சம் முழுக்கத் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு வெள்ளரிக்காய் முழுதாகப் போட்டு, இடைவேளையில் வெட்டிச் சாப்பிடுங்கள். வெட்டிக் கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் நீர்விட்டுச் சளசளத்துவிடும். வீட்டில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், சட்டித்தயிர் சேர்த்துப் பச்சடி. கொஞ்சம் முற்றின காய் என்றால் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறி, மாசித்தூள் போட்டால் சோற்றுக்கு வேறு கறி தேவையில்லை. தோலை முழுக்கச் சீவாமல் கோடு கோடாகச் சீவினால் நார்ச்சத்துக் கொஞ்சம் மிஞ்சும். "வெள்ளரித் தண்ணீர் குடித்தால் உடம்பில் உள்ள நஞ்சு வெளியேறி முகம் வெளுக்கும்" என்று சொல்வதை நம்பிப் பட்டினி கிடக்காதீர்கள். கழிவை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது போதிய தண்ணீர்.

உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவும் என்று இன்னொன்று. கழுத்திலும் முதுகிலும் வியர்க்குரு போட்ட பிள்ளைக்குக் குளிர்ந்த வெள்ளரிச் சாற்றில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, காற்றுப் பட விட்டால் கடி அடங்கும். பவுடரை அப்பாமல் இருப்பது முக்கியம். உப்புவெளிக் கடலில் குளித்துவிட்டு வந்து தோல் சிவந்து எரிந்தால் முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் குளித்துவிட்டு வெள்ளரி வைக்கலாம். கொப்பளம் போட்டிருந்தால் ஒன்றும் வைக்க வேண்டாம், காட்டுங்கள். பருவுக்கு வெள்ளரி மருந்து இல்லை.

இப்போது, மாப்பிள்ளையின் அம்மா சொன்ன அந்த வார்த்தை. கடிதத்தில் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் பத்து நாளாக அந்தக் கிறீமைப் பூச வைத்தது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். தங்கச்சி, மங்கு ஒரு தோல் பிரச்சினை, அதற்கு வைத்தியம் உண்டு. உங்கள் நிறம் பிரச்சினை இல்லை, அதற்கு வைத்தியமும் இல்லை, தேவையும் இல்லை. கரையில் வெயிலோடு வாழ்கிற மனிதருக்கு, தோலுக்கு அந்த நிறத்தைத் தருகிற மெலனின் பெரிய காவல். வெளிர் நிறத் தோலுக்கு வருகிற தோல் புற்றுநோய் எங்களுக்கு மிகக் குறைவாக வருவதற்கு அதுதான் முக்கிய காரணம். படத்தில் வெளுத்துத் தெரிந்தது போன் கமெராவின் வேலை, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையோடு இதைப் பற்றி ஒரு தரம் மனம்விட்டுக் கதையுங்கள். என்னிடம் வந்த எத்தனையோ பெண்களுக்கு எந்தக் கிறீமும் தராத நிம்மதியை அந்த ஒரு கதை தந்திருக்கிறது.

தை மாதத்துக்கு இன்னும் ஆறு மாதம் அளவு இருக்கிறது. மங்குக்கு அது போதுமான காலம். வெயிலை ஒழுங்காக மறித்தாலே இரண்டு மூன்று மாதத்தில் ஓரங்கள் மெலியத் தொடங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வைத்தியர் பார்த்துத் தருகிற பூச்சு மருந்துகள் உண்டு. அவற்றில் சில பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாதவை என்பதால் கடையில் பெயர் சொல்லி வாங்காதீர்கள், தை மாதம் கல்யாணம் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கல்யாண நாளில் மாதவிடாய் வராமல் தள்ளிவைக்க மாத்திரை எடுக்கும் யோசனை இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹோர்மோன் மாத்திரை மங்கைத் திரும்ப எழுப்பிவிடக்கூடும். ஐப்பசி கார்த்திகையில் மழை வந்து வானம் மூடிக் கிடக்கும்போது துணியையும் சன்ஸ்கிறீனையும் விட்டுவிடத் தோன்றும். முகில் எல்லாக் கதிரையும் மறிப்பதில்லை, அப்போதும் தொடருங்கள்.

இந்தக் கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். பகல் வெளிச்சம் வருகிற ஒரு யன்னலைத் தெரிந்து, அதே இடத்தில் நின்று, பூச்சு ஒன்றும் இல்லாமல், இரண்டு கன்னத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அதே யன்னலடியில், அதே நேரத்தில் இன்னொரு படம். கண்ணாடியில் தினமும் பார்க்கிறபோது மாற்றம் தெரியாது, படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். மூன்றாவது மாதப் படத்திலும் இடது கன்னம் அசையாமல் நின்றால், அல்லது கிறீமை நிறுத்திய பிறகு முகம் சிவந்து எரிந்தால், காலோ முகமோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு வாருங்கள். வரும்போது படங்களையும் கட்டி வைத்த டப்பாவையும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தோல் வைத்தியர், திருகோணமலை